பன்றி வயிற்று வில்லாளிகளை எண்ணிய கித்போக்

அந்த வருடம் மழை எங்கள் பன்றிக் கூடத்தின் மேல் தனிப்பட்ட கோபம் வைத்திருந்ததுபோலப் பெய்தது. கடைசிக் கொட்டிலின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே காய்ச்சலோடு படுத்திருந்தது ஒரு வயதான தாய்ப்பன்றி. வேலை முடிந்து போகிற வழியில் பா கித்போக் அதைப் பார்த்திருக்கிறார். முதுகில் கவிழ்த்திருந்த மூங்கில் மழைக்கூட்டைக் கழற்றி அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டே மேடு ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது பன்றிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. மழைக்கூட்டையும் காணவில்லை. அதை முழுதாகத் தின்றுவிட்டு, ஒரு மூங்கில் சிம்பு வாயோரம் தொங்க, இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்து உறுமியது.

பா கித்போக் தும்மிக்கொண்டே வந்தார்.

"உங்க மழைக்கூடு எங்க, பா?"

"எங்கயோ மறந்து வெச்சிட்டேன், கொங்."

"பெரியம்மா சாப்பிட்டுட்டாங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வயித்துக்கு ஒத்துக்கிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மா என்பது அந்தப் பன்றியின் பெயர். அவருடைய அம்மாவின் அக்காவும் இப்படித்தான் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மட்டும் சுருக்கிப் பார்ப்பாளாம். அந்த அம்மாள் உயிரோடிருந்த வரையில் இந்தப் பெயர் ஊர்க் காதுக்குப் போகாமல் நாங்கள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தோம்.

நான் அந்த அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். பெயர் பியோலின்; எங்கள் பேச்சில் பெண்ணைக் கொங் என்றும் ஆணைப் பா என்றும்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பா கித்போக்கும் நானும் ஒரே சபை. கோயிலில் அவர் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். ஜெபம் நீண்டால் தூங்கிவிடுவார். ஆமென் சொல்லும் இடத்தில் மட்டும் தவறாமல் எழுந்துகொள்வார். அந்த வரம் எல்லோருக்கும் கிடைக்காது.

அவர் முதலில் வந்தது பன்றிக்குத் தீனி வைக்கத்தான். அப்போது இருந்த பழைய டாக்டர் ஒருநாள் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க, இவர் வாசலில் தவிட்டு வாளியோடு நின்று, "ஐயா, உங்க சட்டைக் காலர்ல ஒரு தெள்ளுப்பூச்சி இருக்கு. இப்ப இடது பக்கம் போகுது," என்றாராம். டாக்டர் தடவிப் பார்த்தார். இருந்தது. இப்படிப்பட்ட கண்ணைத் தவிட்டில் வீணாக்கக் கூடாது என்று அவரைக் கையோடு கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். அந்த நாற்காலிக்கு பா கித்போக்கின் மனைவி பச்சையும் சிவப்புமாக ஒரு மெத்தை பின்னிக் கொடுத்தாள். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்திருக்கிறவரையில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

வேலை இதுதான். கூடத்தில் ஒரு பன்றியை அறுத்தால், அதன் சிறுகுடலில் ஒரு துண்டு, குடலைத் தாங்கும் சவ்வில் கோர்த்திருக்கிற நெறிக்கட்டியில் ஒரு துண்டு, தொண்டை டான்சிலில் ஒன்று, மண்ணீரலில் ஒன்று எடுப்பார்கள். மிச்சத்தைப் புதைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் ஊர் ஆண்களால் சகிக்க முடியாத அரசாங்கச் சட்டம். குழி வெட்டுகிறவர்கள் துக்க வீட்டு முகத்தோடு வெட்டுவார்கள். எடுத்த துண்டுகளை பா கித்போக் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போடுவார். சாயம் போட்டபின் எல்லாம் பச்சையாகத் தெரிய, சில உயிரணுக்கள் மட்டும் வயிறு சிவந்து தெரியும். நோயை எதிர்க்கிற சத்தைத் தங்களுக்குள்ளேயே செய்து வெளியே விடுகிற உயிரணுக்கள் அவை. குட்டிகளுக்கு வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்தால் குடலில் அவை பெருகுகின்றனவா என்பதுதான், பழைய டாக்டருக்குப் பின் வந்த டாக்டர் தாபிஷாவின் ஆராய்ச்சி. ஒரு கட்டத்துக்குள் எத்தனை சிவப்பு என்று எண்ணிச் சொல்ல வேண்டியது பா கித்போக்.

நானும் ஒருமுறை கண் வைத்துப் பார்த்தேன். பச்சைப் பாயில் யாரோ மிளகாய் விதை சிந்தியதுபோல இருந்தது. கர்த்தர் பன்றியின் குடலுக்குள்ளும் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறாரே என்று அன்றைக்கு வீட்டில் ஜெபம் பண்ணும்போது சொன்னேன். என் வீட்டுக்காரர் பாதி ஜெபத்தில் சிரித்துவிட்டார்.

இவ்வளவும் அமைதியாக நடந்துகொண்டிருந்த காரியம். கெடுத்தது ஒரு உவமை.

எண்ணும் அறையின் சன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டினாற்போல, கொங் த்ரோசிலின் கருவாட்டுக் கடை. பா கித்போக் கொஞ்சம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும்போது, அவள் சன்னல் வழியாகப் பாக்கும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையும் நீட்டுவாள். எங்கள் ஊரில் பாக்கு நீட்டிவிட்டுப் பேசாமல் போவது மரியாதை இல்லை.

"நாள் பூரா அந்தக் கொழாய்ல கண்ண வெச்சு என்னதான் பாக்கறீங்க, பா?"

"வில்லாளிங்கள எண்றேன், கொங்."

"எங்க?"

"பன்னி வயித்துல."

த்ரோசில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"ஒவ்வொருத்தனும் உக்காந்த எடத்துலயே அம்பு செய்யறான்," என்று அவர் பிரியமாக விளக்கினார். "கிருமி உள்ள வந்தா எய்யறான். குடல்ல கொஞ்சம் பேரு, நெறிக்கட்டில கொஞ்சம் பேரு. எத்தன பேருன்னு எண்ணிச் சொல்றதுதான் நம்ம வேல."

"இன்னிக்கி எத்தன பேரு?"

"முப்பத்தொம்போது."

வேறு எந்த ஊரிலாவது சொல்லியிருந்தால் கேட்டவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். எங்கள் மலையில் தினமும் சாயங்காலம் மைதானத்தில் வில்லாளிகள் கூடி வைக்கோல் பொதியைப் பார்த்து அம்பு எய்கிறார்கள். தைத்த அம்பை எண்ணி, அதில் கடைசி இரண்டு இலக்கம்தான் அன்றைய எண். அந்த எண்ணின் மேல் பணம் கட்ட மூலைக்கு மூலை பெட்டிக்கடை. கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், செத்துப்போன மாமனார் வந்தால் ஒரு எண், மாமனார் பாம்போடு வந்தால் இரண்டையும் கூட்டி ஒரு எண் என்று கணக்குப் போடுகிற ஜனங்கள். அவர்களிடம் போய் வில்லாளி, அம்பு, எண்ணிக்கை மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, கித்போக் என்றாலே எங்கள் பேச்சில் அதிர்ஷ்டத்தைச் சுமக்கிறவன் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் முப்பத்தொன்பது விழுந்தது.

மறுநாள் கருவாட்டுக் கடையில் கருவாடு வாங்காத கூட்டம். அதற்கடுத்த நாள் சுவரோரம் முக்காலி போட்டு இடம் பிடித்தார்கள். இதில் பெரிய சங்கடம் என்னவென்றால் பா கித்போக்குக்கு மனசுக்குள் எண்ண வராது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் மலைச்சரிவில் நிற்கவைத்து எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தித்தான் எண் படித்தார்கள். வாயை மூடினால் பன்னிரண்டுக்கு மேல் வழி தெரியாது. அந்த மைக்ரோஸ்கோப்பும் பழசு. வெளிச்சத்துக்குச் சன்னலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆகவே அவர் சன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பன்றிக் குடலைச் சத்தமாக எண்ணுவார். வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் விழும், பத்து நாள் விழாது. விழாத நாளுக்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். "இன்னிக்கி அது மண்ணீரல். மண்ணீரல் எப்பவுமே பொய் சொல்லும். நெறிக்கட்டிதான் நெஜம்." உடம்பில் இப்படி ஓர் உறுப்பு இருப்பதையே அதற்கு முன் அறியாத ஜனங்கள்.

டாக்டர் தாபிஷாவுக்கு விஷயம் தெரிந்தது வாடகை வண்டியில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இன்னொருவரிடம், "நேத்து நெறிக்கட்டி நாப்பத்திரெண்டு. குடல் அறுவத்தேழு. நான் குடல நம்பிக் கெட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவை அவளே இன்னும் பார்க்காத முடிவுகள்.

வந்ததும் நேராக எண்ணும் அறைக்குப் போனாள். நான் தொட்டியில் கண்ணாடித் தகடுகளை அலசிக்கொண்டிருந்தேன்.

"பா கித்போக், என் ஆராய்ச்சி முடிவு எனக்கு முன்னாடி கருவாட்டுக் கடைக்குத் தெரியுது."

"நான் யாருக்கும் சொல்லல, டாக்டர். பன்னிக்குத்தான் சொல்றேன்."

"சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல, டாக்டர்." உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை. சிரித்தது நான். தகட்டைக் கீழே போடாமல் இருந்தது கிருபை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய இருபது பேர் ஒரு எண்ணுக்காகக் காத்துக்கிட்டிருந்தா, எண்றவங்க கண்ணு தன்னால சாயும். நீங்க நல்லவரு, தெரியும். ஆனாலும் சாயும். அப்புறம் இந்த மருந்து குட்டிங்களக் காப்பாத்துதா இல்லையான்னு நமக்கு எப்பவுமே தெரியாம போயிடும். இந்த எண்ணு வெளிய போறது நிக்கணும். நிக்கலன்னா நீங்க தவிட்டுக் கிடங்குக்குப் போங்க. நாற்காலி வேற ஆளுக்கு."

அவர் மெத்தையை ஒருமுறை தடவிக்கொண்டார். தவிட்டுக் கிடங்கில் சன்னல் கிடையாது. எதையும் எண்ணவும் வேண்டாம். தவிடு தவிடுதான்.

முதலில் சன்னலைச் சாத்திப் பார்த்தார். சாய நெடியில் கண் எரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் த்ரோசில் இருந்தாள். சந்தை இரைச்சலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விலை பேசிப் பழகியவள். உதட்டைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவாள். "அம்பத்தி நாலு," என்று அவள் திரும்பி அறிவித்தபோது, உள்ளே அவருக்கே அப்போதுதான் ஐம்பத்துநாலு வந்திருந்தது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எண்ணைச் சொல்லாமல், பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லுக்கு ஒரு வில்லாளி என்று பாடிக்கொண்டே போவது. எந்தச் சொல்லில் நிற்கிறோமோ அங்கே விரலை வைத்து, கூட்டம் கலைந்த பிறகு சொற்களை எண்ணி டாக்டரிடம் கொடுப்பது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பன்றிக் குடலிலிருந்து துதி எழும்புவது எவ்வளவு நல்ல காரியம் என்று நினைத்தேன்.

வெளியே கூட்டம் குழம்பிப் போயிற்று. ஒரு நிமிஷம்தான். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடிப் பாட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தார்கள். அவர் பாட ஆரம்பித்ததும் எல்லோரும் பக்கம் புரட்டினார்கள். பாட்டுக்கு நம்பர் இருக்கிறதே.

அந்த நேரம் பார்த்து எங்கள் சபை மூப்பர் பா கொர்தோர் அந்த வழியாக வந்தார். குடித்துவிட்டு வரப்பில் கிடக்கிற ஆட்கள், ஞாயிற்றுக்கிழமையில்கூட முகம் காட்டாத ஆட்கள், வரிசையாகச் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து கையில் பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம்.  ஊரில் எழுப்புதல் வந்துவிட்டது, ஜனங்கள் மனம் திரும்பிவிட்டார்கள் என்று மூப்பர் நினைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி, பின்மாரி பெய்யப்பண்ணின தேவனுக்கு நன்றி சொல்லி நீண்ட ஜெபம் ஒன்று செய்தார். ஜனங்களும் மரியாதையாகத் தலை குனிந்திருந்தார்கள். ஆமென் சொல்லிக் கண் திறந்ததும் த்ரோசில் கேட்டாள்.

"மூப்பரே, உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. இப்ப அவர் பாடறது எத்தனாவது பாட்டு?"

மூப்பர் சந்தோஷமாகச் சொன்னார். பாதிக் கூட்டம் எழுந்து பெட்டிக்கடைக்கு ஓடியது.

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஞாயிறு அவர் செய்த பிரசங்கத்தில் பன்றிகளும் சூதாட்டமும் ஏராளமாக வந்தன. கோயில் சுவரில் அன்றைய பாட்டு எண்களை எழுதித் தொங்கவிடுகிற பலகையை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதுவரை பார்க்காதவர்களும் அப்போது பார்த்தார்கள். மூப்பரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், நான் கண்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

 டாக்டர் தவிட்டுக் கிடங்குச் சாவியைக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பா கித்போக் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பாக்கை எடுத்தார். ஒன்று போட்டார். இன்னொன்று போட்டார். கன்னம் இரண்டும் உப்பி, கண் சிறுத்து, பெரியம்மாவைப்போலவே ஆகிவிட்டார். அந்த வாயோடு எண்ணினால் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது என்பது திட்டம்.

திட்டம் பலித்தது. வெளியே சண்டையே வந்துவிட்டது.

"அறுவதுன்னாரு."

"எழுவதுய்யா. உன் காதுல என்ன, கருவாடா?"

"ரெண்டுமில்ல. அவருக்குப் பொறை ஏறுச்சு. பொறை ஏறுனா என்ன நம்பரு?"

அந்த வாரம் முழுவதும் யாருக்கும் ஓர் எண்ணும் கிடைக்கவில்லை. நாற்காலி தப்பித்தது என்று நானும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வார முடிவில் டாக்டர் எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தாள். மருந்து குடித்த குட்டிகளின் குடலில் இருந்ததைவிட, மருந்தே குடிக்காத குட்டிகளின் குடலில் இரண்டு மடங்கு வில்லாளிகள் இருந்தார்கள். அவள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டிய நேரம். மருந்து பயனில்லை, நிறுத்திவிடலாம் என்று எழுத வேண்டும். அழுதாளா என்று தெரியாது. நான் கொடுத்த தேநீரை ஆறவிட்டாள்.

பா கித்போக் போய் அந்தத் தகடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். மேல் கண்ணாடி மூடாமல் காயவைத்திருந்த தகடுகள் அவை. வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கொங், உங்க கண்ணையும் கொஞ்சம் வெச்சுப் பாருங்க. அந்த மூலைல இருக்கற வில்லாளிக்குப் பக்கத்துல நீளமா என்ன?"

பார்த்தேன். "நாரு மாதிரி இருக்கு, பா."

"பாக்கு நாரு."

 வாய் நிறையப் பாக்கை வைத்துக்கொண்டு, பல்லுக்கு நடுவே எண்ணை வெளியே தள்ளினால், எண்ணோடு எச்சிலும் போகத்தானே செய்யும். சிவப்புச் சாயத்துக்கும் எங்கள் பாக்குச் சாற்றுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாக்கு வாயோடு அந்த வாரம் அவர் எண்ணியது மருந்து குடிக்காத குட்டிகளின் தகடுகளைத்தான்; அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட படை அவருடைய வாயிலிருந்து வந்த படை.

அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, நாற்காலி கையில் இருந்தது. மருந்து பயனில்லை என்று ஓர் அறிக்கை போயிருக்கும்; ஏன் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் வாயைக் கொப்பளித்தார். மூன்று தரம் கொப்பளித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"டாக்டர், அது பன்னி இல்ல. நான்."

டாக்டருக்கு விளங்க வைக்க நேரம் பிடித்தது.  விளங்கியதும் ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் புதுசா சீவி, புதுசா சாயம் போட்டு எண்ணணும்," என்றாள்.

"எண்றேன், டாக்டர்."

"பாக்கு கிடையாது."

"கிடையாது, டாக்டர்."

"அந்தக் கூட்டம் திரும்ப வரக்கூடாது. வந்துச்சுன்னா நீங்க எவ்வளவு நேர்மையா இருந்தாலும் சரி, தவிட்டுக் கிடங்குதான், பா. எனக்கு வேற வழி இல்ல."

திங்கட்கிழமை கூட்டம் திரும்ப வந்தது. அவர் வாயில் பாக்கு இல்லை என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. முக்காலிகள் பழைய இடத்தில். பா கித்போக் சன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

யாரும் தொட விரும்பாத பெட்டி அது. பெரியம்மா உடம்பு பெரிது, கவனம் சிறிது. அவள் ஈன்றபோது சில குட்டிகள் பிறந்த நிமிஷமே, ஒரு வாய் பால்கூடக் குடிக்கும் முன்னே, அவளுக்கு அடியில் போய்விட்டன. அந்தக் குடல்களையும் டாக்டர் சீவி வைக்கச் சொல்லியிருந்தாள். என்றாவது எண்ணித்தான் ஆக வேண்டும், அவசரமில்லை என்று கிடந்தது.

அவர் சன்னலை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். முதல் தகட்டை வைத்தார். கோயில் மணி மாதிரிக் குரலில் சொன்னார்.

"சைபர்."

வெளியே பெருமூச்சு.

இரண்டாவது தகடு. "சைபர்."

மூன்றாவது, நான்காவது. டான்சில், சைபர். நெறிக்கட்டி, சைபர். நாள் முழுவதும் சைபர். ஊரே சைபர் சைபரில் போய் விழுந்தது. அதுவும் ஓர் எண்தானே. சாயங்காலம் அது விழவில்லை. மறுநாளும் அவர் சைபரை ஊருக்குக் கேட்க அறிவித்தார், மறுநாளும் கட்டினார்கள், விழவில்லை. புதன்கிழமை முக்காலிகள் பாதியாகக் குறைந்தன. வியாழக்கிழமை ஒருவர், "அது மைக்ரோஸ்கோப்பா, ஓட்டப் பானையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். வெள்ளிக்கிழமை த்ரோசில் மட்டும் மிஞ்சினாள், அவளுக்குக் கடை அங்கேதான் என்பதால்.

"என்ன பன்னி பா இது? ஒரு வில்லாளிகூட இல்லாம ஒரு வயிறா?"

"பொறந்த உடனே செத்தது, கொங். அப்படித்தான் இருக்கும்."

"அப்ப கிருமி வந்தா?"

"அம்மாவோட மொதப் பால்ல அம்பு வரும். எரவல் அம்பு. அத வெச்சுச் சமாளிச்சுக்கிட்டே, மண்ணத் தின்னு, சாணிய மோந்து, அழுக்குல பொரண்டு, அப்புறம்தான் சொந்தமா வில்லாளி வருவான். இதுங்களுக்குப் பால் குடிக்கவே நேரம் கெடைக்கல."

த்ரோசில் மென்றாள். கொஞ்சம் கண் கலங்கினாள்கூட. "எரவல் அம்பா," என்றாள். பிறகு, "பொறந்ததுக்குச் சைபர்னா, பொறந்து ஒரு வாரம் ஆனதுக்கு எத்தன?" என்றாள்.

அவர் அடுத்த தகட்டை வைத்தார். "சைபர்," என்றார்.

அவளும் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கருவாட்டை அடுக்கப் போனாள். டாக்டர் வந்து மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்திலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனாள். புதிதாகச் சீவிய தகடுகளை அவர் அடுத்த வாரம் ஆள் அரவம் இல்லாமல், வழக்கம்போலச் சத்தமாக எண்ணினார். மருந்து குடித்த குட்டிகளுக்குத்தான் வில்லாளிகள் அதிகம் இருந்தார்கள். அறிக்கை அப்படியே போனது.

எல்லோரும் கைவிட்ட அந்த அடுத்த வாரத்தில், ஒரு சாயங்காலம், மைதானத்தில் சைபர் சைபர் விழுந்தது. த்ரோசில் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. ஊரில் ஒருவரும் அன்றைக்கு அந்த எண்ணில் கட்டவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாதம் கோயில் கூரையில் ஒழுகுகிற பக்கத்துக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியது. யார் கொடுத்தது என்று சபையில் கேட்டார்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று மூப்பர் பா கொர்தோர் வேகமாகச் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பா கித்போக் மூன்றாவது பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சில வருடம் அவர் அந்த நாற்காலியில் எண்ணினார். அவர் மனைவி வீட்டின் கடைசிப் பெண். மாமியார் கண் மூடியதும் தூரத்து ஊரில் இருந்த அந்த வீடு அவள் கைக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி அம்மாவின் வீடு கடைசிப் பெண்ணுக்குத்தான்; வந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளும் போக வேண்டும், அவளோடு அவரும் போக வேண்டும். டாக்டர் அந்த நாற்காலியை மெத்தையோடு அவருக்கே கொடுத்துவிட்டாள். அதை வண்டியின் கூரைமேல் தலைகீழாகக் கட்டினார்கள்.

வண்டி நிற்கிற இடத்தில் ஊரே கூடியிருந்தது. த்ரோசில் ஒரு பொட்டலம் கருவாட்டை அவர் கையில் திணித்தாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க, பா."

அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல், கூரைமேல் ஏற்றிய மூட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்த்து எண்ண ஆரம்பித்தார். வழக்கம்போலச் சத்தமாக. முடிக்கும் முன்பே கூட்டத்தில் பாதி பெட்டிக்கடைப் பக்கம் போய்விட்டது.

இப்போது அவர் இல்லை. போனவர்களைப் பற்றி எங்களில் சொல்வதுபோலச் சொன்னால், கர்த்தருடைய வீட்டில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருக்கிறார். அங்கே பக்கத்தில் மூடாத கண்ணாடித் தகடு எதுவும் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்று வண்டி புறப்படும்போது என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார். சன்னலோரம் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, யாருக்கும் கேட்காதபடி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"கொங், கடைசிக் கொட்டில் மூலைல பழைய மழைக்கூடு ஒண்ணு வெச்சிருக்கேன். பெரியம்மாவுக்கு. கூரையெல்லாம் அடச்சாச்சு, நனைய மாட்டாங்க. அது சாப்பிடறதுக்கு."